மகளிர் நோயொன்றும் நம்பத்தகும் வழிகாட்டலும்

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் இருவகையாகப் பகுப்பர் நம் இலக்கண நூலார். காரணம்பற்றி வந்த பெயர், கேட்டமாத்திரத்தே பொருளின் இயல்பை உணர்த்துவது. ஆயின், காரணப்பெயர்போலத் தோன்றிக் காரணம் பிழைபட்டு நிற்கும் பெயர்களும் உலகத்து உண்டு. அவை கேட்போரைப் பொருளின்பாற் செலுத்தாது வேறொன்றன்பாற் செலுத்திவிடும். நோயின் பெயர் அங்ஙனம் பிழைபடுமாயின் அதனால் விளையுந் தீங்கு சொல்லளவில் நில்லாது. உடலையும் உள்ளத்தையும் சென்று தாக்கும். இக்காலத்து இளமகளிர் பலரை வருத்தும் பி.சி.ஓ.எஸ். என்னும் நிலை இதற்குத் தக்க சான்றாகும்.

மக்கள் இதனைக் ‘கர்ப்பப்பை நீர்க்கட்டி’ என வழங்குகின்றனர். இவ்வழக்கில் இரண்டு பிழைகள் உள. முதலாவது, இதன் இடம் கருப்பை அன்று. கருப்பையின் இருமருங்கும் அமைந்துள்ள சினைப்பைகளே. இரண்டாவது, ஆண்டுக் காணப்படுவன கட்டிகளும் அல்ல. திங்கள்தோறும் சினைப்பையில் நுண்ணிய பைகள் பல வளரத் தொடங்கும். அவற்றுள் ஒன்று முதிர்ந்து முட்டையை வெளிவிடும், ஏனையவை சுருங்கிப்போம். இந்நோயில் அம்முதிர்ச்சி தடைப்படுகின்றது. ஆகவே பாதி வளர்ந்த நுண்பைகள் பல ஒருங்கே தங்கி, ஸ்கேன் என வழங்கும் ஒலியலைப் படத்தில் முத்துக் கோத்தாற்போலத் தோன்றுகின்றன. அறுத்தெறியவேண்டிய கட்டி யாதும் அங்கில்லை. ஆங்கிலப் பெயரும் இதே குறையுடையதுதான். 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுத் தேசிய உடல்நல நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் குழு, இப்பெயர் மயக்கந் தருவதென்றும் மாற்றத்தக்கதென்றும் கருத்துரைத்தது. ‘கட்டி’ என்னும் ஒரு சொல்லைக் கேட்டு, அது புற்றோ, அறுவையோ என இரவெல்லாம் உறங்காது வருந்தும் பெண்கள் எத்துணையர்! அவ்வருத்தம் நோயால் வந்ததன்று, பெயரால் வந்தது.

அங்ஙனமாயின் இந்நோய்தான் யாது? 1935-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து மருத்துவர்களாகிய ஸ்டெயின், லெவெந்தால் என்னும் இருவர், பெண்கள் எழுவரிடத்துத் தாங்கள் கண்ட அடையாளங்களைத் தொகுத்து எழுதினர். அக்காலத்து இது சினைப்பையின் நோயாகவே கருதப்பட்டது. இன்று, உடல் முழுவதையும் தழுவிய சுரப்புநீர்க் கோளாறாக அறியப்படுகின்றது. நாம் உண்ட உணவின் சர்க்கரையைச் செலவிடுதற்குத் துணைசெய்வது இன்சுலின். இந்நோயுற்றார் பலரிடத்து உடல் அவ்வின்சுலினுக்கு எளிதிற் செவிசாய்ப்பதில்லை. ஆதலின் அது மிகுதியாகச் சுரக்கின்றது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்ட, பெண்ணுடலிற் சிறிதளவே இருக்கவேண்டிய ஆண்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர் பெருகுகின்றது. அதன் பயனாக முட்டை முதிர்தல் தடைப்படும், மாதவிடாய் முறைதவறும், முகத்திலும் மோவாயிலும் மயிர் அரும்பும், பருக்கள் மிகும், சிலர்க்குத் தலைமயிர் உதிரும். பிடரியில் தோல் கறுத்துத் தடித்தலும் உண்டு. அதனை அழுக்கென்று கருதி நாரிட்டுத் தேய்க்கும் தாய்மார் உளர். அஃது அழுக்கன்று, இன்சுலின் மிகுதி தோலின்மேல் எழுதிய குறிப்பு.

இந்நிலை குடிவழியாகத் தொடரும் இயல்பும் உடையது. ஒருத்தியின் சோம்பலாலோ ஒழுக்கக் குறைவாலோ வருவதன்று. கருவுறும் பருவத்து மகளிருள் நூற்றுக்கு 10 முதல் 13 பேர்வரை இதனை உடையர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. அவருள் நூற்றுக்கு எழுபதின்மர்வரை தமக்கு இஃது உண்டென்பதையே அறியார் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. எனவே நம் கல்லூரி வகுப்பொன்றில் நாற்பது மாணவியர் இருப்பின், அவருள் நால்வரோ ஐவரோ இந்நிலையினர் ஆதல் கூடும்.

இத்துணைப் பொதுவான நோய்க்கு நல்வழிகாட்டல் கிடைத்தல் அரிதாயிருப்பது ஏன்? நாணமும் மௌனமுமே முதற்காரணம். மகளிர் நோயைப்பற்றி வாய்திறவாமை பெண்மைக்கு அழகு என நாம் பழகிவிட்டோம். அம்மௌனம் உயிரையே கவர்ந்த காலமும் உண்டு. திண்டிவனத்தில் ஓரிரவில் மகப்பேற்றுத் துன்பத்திற்பட்ட மூன்று பெண்கள், ஆண் மருத்துவர் பார்த்தல் தகாதென்று வீட்டார் மறுத்தமையால் இறந்தனர். அதனை நேரிற்கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார் தாமே மருத்துவம் பயின்றுவந்து, 1918-ஆம் ஆண்டில் வேலூரில் மகளிர்க்கென மருத்துவப்பள்ளி தொடங்கிய வரலாறு நாம் அறிந்ததே. இன்று பெண் மருத்துவர் ஊர்தோறும் உளர். ஆயினும் மௌனம் முற்றும் அகன்றபாடில்லை. தாயிடம் கூறவும் தயங்கும் பெண், கையிலுள்ள பேசியை நள்ளிரவில் வினவுகின்றாள். அதுவோ அறிஞர் உரையையும் வணிகர் உரையையும் ஒரே தட்டில் வைத்து நீட்டுகின்றது.

மாற்கு எழுதிய நற்செய்தியிற் பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கினால் வருந்திய பெண்ணொருத்தியைக் காண்கின்றோம். அவள் மருத்துவர் பலரிடம் சென்றாள்; கைப்பொருள் அனைத்தையும் இழந்தாள்; நோயோ குறையாது மிகுந்தது. கூட்டத்தில் ஒளிந்துவந்து அவள் ஆண்டவரின் ஆடையைத் தொட்டமைக்கு நம்பிக்கையோடு நாணமும் ஒரு காரணமாகலாம். அவளைப்போன்றே பொருளும் காலமும் இழந்து நிற்போர் இந்நாளிலும் பலர். ஆகவே நம்பத்தகும் வழிகாட்டலை அல்லாததினின்று பிரித்தறிதற்குரிய அடையாளங்களை ஈண்டு ஒருவாறு கூறுவல்.

முதலடையாளம், நோயைத் துணியும் முறை. நல்வழிகாட்டி விரைந்து பெயர் சூட்டான். 2003-ஆம் ஆண்டில் ராட்டர்டாம் நகரிற் கூடிய வல்லுநர் மூன்று குறிகளை வகுத்தனர்: மாதவிடாய் முறைகேடு, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனிற் காணும் சினைப்பைத் தோற்றம். இவற்றுள் இரண்டேனும் இருத்தல்வேண்டும். அன்றியும், தைராய்டு கோளாறு, புரோலாக்டின் மிகுதி முதலாக இதனைப்போலத் தோன்றும் பிற நோய்கள் இல்லை எனக் குருதிச் சோதனையால் தெளிதலும் வேண்டும். இம்முறையைத் தழுவி, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்த, பல நாட்டு வல்லுநரும் நோயுற்ற மகளிரும் ஒருங்குகூடிப் பன்னாட்டு வழிகாட்டு நெறிகளை 2018-ல் வகுத்து 2023-ல் திருத்தினர். திருத்திய நெறிகள் 254 பரிந்துரைகளைக் கொண்டவை. வயதுவந்த மகளிர்க்கு ஸ்கேனுக்கு மாற்றாக ஏ.எம்.எச். என்னும் குருதிச் சோதனையையும் அவை ஏற்றுக்கொண்டன.

இந்நெறிகளில் மாணவியர் கருத்தூன்றவேண்டிய பகுதி ஒன்றுண்டு. பூப்பெய்தி எட்டாண்டு நிறையாத பெண்ணுக்கு ஸ்கேனைக் கொண்டோ ஏ.எம்.எச். சோதனையைக் கொண்டோ இந்நோயைத் துணிதல் ஆகாது என்கின்றன அவை. அப்பருவத்தில் நுண்பைகள் மிகுந்து காணுதல் இயல்பே ஆதலின், நோயற்றவளையும் நோயுற்றவள் எனக் கூற நேரும். பன்னிரண்டாம் அகவையிற் பூப்பெய்தியவளுக்கு இருபதுவரை இவ்விதி பொருந்தும். அஃதாவது நம் மாணவியருட் பலருக்கும் பொருந்தும். அவர்பால் மாதவிடாய் முறைகேடும் ஆண்ட்ரோஜன் மிகுதியும் ஆகிய இரண்டும் காணப்படல் வேண்டும். ஒன்றே காணப்படின், நோயென்று முத்திரையிடாது, காலம் பார்த்து மீண்டும் ஆராய்தலே முறை. ஒரு ஸ்கேனை மட்டும் கையிற்கொண்டு பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தீர்ப்புக் கூறுவார் உளரேல், இரண்டாம் மருத்துவர் ஒருவரையும் கேட்டல் நன்று.

மாதவிடாய் முறைகேடு என்பதற்கும் அளவு உண்டு. பூப்பெய்திய முதலாண்டில் முறைதவறுதல் இயல்பு. அதன்பின் மூன்றாண்டு நிறையும்வரை, 21 நாளிற் குறைந்தோ 45 நாளின் மிக்கோ வருதல் முறைகேடு. மூன்றாண்டின் பின்னர், 21 நாளிற் குறைதலும் 35 நாளின் மிகுதலும், ஆண்டொன்றில் எட்டுமுறைக்குக் குறைதலும் முறைகேடாம். முதலாண்டு கழிந்தபின் ஒருமுறையேனும் 90 நாள் கடந்தும் வாராதாயின் மருத்துவரைக் காணவேண்டும். நெடுநாள் வாராதிருப்பின் கருப்பையின் உட்சுவர் தடிக்கும். பல்லாண்டு கவனியாது விடின் அவ்வுட்சுவரிற் புற்று வரும் வாய்ப்பும் சிறிது கூடும்.

இரண்டாமடையாளம், வாக்குறுதியின் அளவு. ‘மூன்று திங்களில் வேரோடு நீக்குவோம்’ என்பார் உரையைக் கேட்ட அளவிலேயே விலக்கலாம். இந்நோயை அடியோடு அகற்றும் மருந்து இன்றுகாறும் இல்லை. ஆயின் இதனை அடக்கி நலமாக வாழ்தல் முற்றும் இயலும். முன்னதை மறைத்துப் பின்னதை மிகுத்துக் கூறுவோன் வணிகன். இரண்டையும் ஒருங்கே கூறுவோன் ஆசான். அறிவுரை கூறியவரே அடுத்த வரியில் தம் பொடியையும் குளிகையையும் விற்பாராயின் அவ்வுரையை நிறுத்துப்பார்த்தே கொள்ளல்வேண்டும். இனோசிடால் என்னும் பொருள் இந்நாளிற் பெரிதும் விற்பனையாகின்றது. அதனைப் பற்றிய சான்றுகள் வரையறைக்குட்பட்டனவே என்பதைக் கூறி, உண்பதும் விடுவதும் அவரவர் விருப்பம் என நெறிகள் விடுத்துள்ளன. விளம்பரத்தின் குரலையும் இக்குரலையும் ஒப்புநோக்குக.

மூன்றாமடையாளம், உணவைப்பற்றிய நிதானம். அரிசியை விடு, பாலை விடு, பட்டினி கிட என ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கூறுவர். எவ்வகை உணவுமுறையும் இந்நோய்க்கு மற்றதினும் சிறந்ததென நிறுவப்படவில்லை என்பதே ஆராய்ச்சியின் முடிவு. அவரவர் ஊரின் உணவிலேயே அளவும் சமனும் காத்து, நெடுங்காலம் கைக்கொள்ளத்தக்கதைக் கொள்ளுதலே தக்கது. உடற்பயிற்சியோ வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம்வரை நடத்தல் போன்ற மிதமானதாயினும், 75 முதல் 150 நிமிடம்வரை கடுமையானதாயினும் வேண்டும். தசையை வலுவாக்கும் பயிற்சி வாரத்தில் இருநாள் வேண்டும். எடை குறையாவிடினும் பயிற்சியாற் பயன் உண்டு. மெலிந்த மகளிர்க்கும் இந்நோய் வருதலின், ‘எடையைக் குறைத்துவிட்டு வா’ என்னும் ஒரே சொல்லோடு நோயாளியைத் திருப்பியனுப்புதல் வழிகாட்டல் ஆகாது. எடையைக் காட்டி இழித்துரைத்தல் நோயினும் கொடிது; அதனை விலக்குக என மருத்துவர்க்கே நெறிகள் அறிவுறுத்துகின்றன.

நான்காமடையாளம், சான்று மாறின் தானும் மாறுதல். மாதவிடாயை ஒழுங்குபடுத்தவும் மயிர் வளர்ச்சியைக் குறைக்கவும் சுரப்புநீர் மாத்திரைகளும், இன்சுலின் தடையைத் தளர்த்த மெட்பார்மினும் தரப்படுகின்றன. குருதியழுத்தம், ஒற்றைத் தலைவலி, குருதி உறையும் இயல்பு ஆகியவற்றை ஆராய்ந்தே சுரப்புநீர் மாத்திரையைத் தருதல்வேண்டுமாதலின், தோழி உண்ட மாத்திரையை நாமும் வாங்கி உண்ணல் தவறு. மகப்பேறு வேண்டுவார்க்கு முட்டையை முதிர்விக்கும் லெட்ரோசோல் என்னும் மருந்தின் வரலாறு ஈண்டு அறியத்தக்கது. கருவிலுள்ள குழந்தைக்கு ஊறு நேருமோ என்ற ஐயத்தால், மகப்பேற்றின் பொருட்டு அதனை வழங்குதலை 2011-ல் இந்திய அரசு தடுத்தது. 2014-ல் அமெரிக்காவில் இந்நோயுற்ற பெண்கள் 750 பேரிடம் செய்த ஆராய்ச்சி வெளிவந்தது. முன்னர் வழங்கிவந்த குளோமிபீன் உண்டாருள் நூற்றுக்கு 19.1 பேரும், லெட்ரோசோல் உண்டாருள் 27.5 பேரும் உயிருள்ள மகவை ஈன்றனர் என அது காட்டிற்று. 2017-ல் நம் நாட்டுத் தடை நீங்கிற்று. இன்று அதுவே முதன்மை மருந்தாக நெறிகளிற் குறிக்கப்படுகின்றது. அறிஞர் கருத்தை மாற்றிக்கொண்டமை அவர்க்கு இழுக்கன்று. எதன்மேல் நிற்கின்றோம் என்பதைக் காட்டி நிற்பாரே, அது பெயர்ந்தபோது தாமும் பெயர்தல் கூடும். என்றும் மாறாத ‘இரகசியம்’ உடையோம் என்பாரிடம் அவ்வாய்ப்பு இல்லை.

ஐந்தாமடையாளம், ஆளை முழுமையாக நோக்குதல். மாதவிடாயை மட்டும் சீர்ப்படுத்திவிட்டு அமைவது போதாது. இந்நிலையினர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி. தென்னாசிய மக்களுக்கோ அது பின்னும் மிகுதி. ஆதலின் நோய் துணியப்பட்டபோதும், பின்னர் ஒன்றுமுதல் மூன்றாண்டுக்கு ஒருமுறையும் குருதிச் சர்க்கரையை ஆராய்தல்வேண்டும். குருதியழுத்தம், கொழுப்பு, உறக்கத்தில் மூச்சுத்தடை ஆகியவற்றையும் மறவாமை நன்று. மனச்சோர்வும் கலக்கமும் இவர்பால் மிகுந்து காணப்படுதலின், உள்ளநிலையை வினவுதலும் மருத்துவத்தின் பகுதியே. ‘திருமணம் ஆனால் சரியாகிவிடும்’ என்றும், ‘இவளுக்குப் பிள்ளை பிறவாது’ என்றும் இருவேறு கூற்றுக்களை நம் வீடுகளிற் கேட்கின்றோம். இரண்டும் பிழை. திருமணம் மருந்தன்று. இந்நோயுற்ற மகளிருட் பெரும்பாலோர், சிலர் இயல்பாகவும் சிலர் மருத்துவத் துணையாலும், தாயராகின்றனர். பொய்யான ஆறுதலும் பொய்யான அச்சமும் ஒருங்கே விலக்கத்தக்கன.

மருத்துவரிடம் செல்லுமுன் செய்யத்தக்கது யாது? மாதவிடாய் வந்த நாள்களை ஆறு திங்களேனும் ஒரு சுவடியிற் குறித்துவைத்தல் சிறந்த முதற்படி. வேறு மருந்துகள், குடும்பத்தில் நீரிழிவு, பருவும் மயிரும் தோன்றிய காலம் ஆகியவற்றையும் எழுதிக்கொள்க. மகளிர் மருத்துவரிடமோ சுரப்பிநோய் மருத்துவரிடமோ மூன்று வினாக்களைத் தயங்காது கேட்கலாம்: எவ்வடையாளங்கொண்டு துணிந்தீர்? வேறு நோய் இல்லையெனத் தெளிந்தது எங்ஙனம்? இம்மருந்தின் நோக்கம் யாது, எத்துணைக் காலம்? நல்ல மருத்துவர் இவ்வினாக்களால் வெகுளார், மகிழ்வர். 2023-ஆம் ஆண்டு நெறிகளைப் பொருளின்றியே எவரும் பெற்றுப் படிக்கலாம். அவற்றை எளிய நடையிற் கூறும் ‘ஆஸ்க் பி.சி.ஓ.எஸ்.’ என்னும் கைப்பேசிச் செயலியையும் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் அமைத்துள்ளனர்.

மருத்துவத்தின் உறுப்பு நான்கென வகுத்தார் திருவள்ளுவர். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றனோடு அவர் நிறுத்தவில்லை. அருகிருந்து உதவுவோனையும் நான்காவதாகச் சேர்த்தார். முதல் மூன்றும் நம் கையில் இல்லாதிருக்கலாம். நான்காவது நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. தோழியின் முகப்பருவையும் உடற்பருமனையும் நகைப்பொருளாக்காத வகுப்பு அவ்வுறுப்பு. மாலையில் அரைமணி நேரம் உடன் நடக்கும் அறைத்தோழி அவ்வுறுப்பு. ‘நாளை நானும் உடன்வருகின்றேன்’ என்று மகளிடம் கூறும் தாயும் தந்தையும் அவ்வுறுப்பு. ஆடவராகிய நம் தோழர்க்கும் இதிற் பங்குண்டு. அவர்க்கும் தங்கையர் உளர், நாளை மகளிரும் இருப்பர். கூட்டத்தில் ஒளிந்து நின்ற அப்பெண்ணை அழைத்து, அவள் உண்மை முழுவதையும் கூறக்கேட்டு, மகளே என விளித்தார் நம் ஆண்டவர். அங்ஙனம் கேட்கும் செவிகள் நம் இல்லங்களிலும் விடுதிகளிலும் இருக்குமாயின், நள்ளிரவிற் கைப்பேசியை நாடும் பெண் பகலிலேயே தக்க மருத்துவரை நாடுவாள்.